எண்ணெய்க்குள் மின்சாரம்: முப்பது வருடம் கழித்து ஒரு திருத்தம்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். இது ஒரு விஞ்ஞான வரலாறு. கூடவே நான் வகுப்பில் சொன்ன ஒரு தப்பான பதிலுக்குத் திருத்தமும்.

போன மாதம் திருவாரூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தவர் என் பழைய மாணவர். 1994-இல் பிளஸ் டூ. இப்போது வளைகுடாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் பொறுப்பாளர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

நலம் விசாரித்து முடிந்ததும் செல்போனில் ஒரு படம் காட்டினார். படுக்கவைத்த பெரிய இரும்புக் கொப்பரை மாதிரி ஒன்று, அதன் தலைமேல் மின்மாற்றிகள். "சார், ஞாபகம் இருக்கா? நான் இப்ப அந்தக் கதையிலதான் வேலை பாக்குறேன்" என்றார்.

எனக்கு முதலில் பிடிபடவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் நினைவு வந்தது.

நிலைமின்னியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நரிமணத்தில் எண்ணெய் எடுத்து, பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கிய காலம் அது. பையன்களுக்கு எண்ணெயைப் பற்றி ஏகப்பட்ட கேள்விகள். இவர் எழுந்து, "சார், குவைத்துல இருக்குற எங்க மாமா சொன்னாரு. அங்க கச்சா எண்ணெய்க்குள்ள கரண்டு வெச்சுத் தண்ணியப் பிரிப்பாங்களாம். நெசமா சார்?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதில் இது: "எண்ணெய் கடத்தாப் பொருள்டா. கரண்டே போகாத எடத்துல கரண்டு என்னத்தப் பிரிக்கும்? உங்க மாமா கதை விடுறாரு, உக்காரு." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த மாமா எட்டாவது வரை படித்தவர். ஆலையில் உதவியாள் வேலை. லீவில் ஊருக்கு வந்தபோது பையன் அவரிடம் போய், "நீங்க சொன்னது பொய்யாம், சார் சொல்லிட்டாரு" என்று சொல்லியிருக்கிறார். மாமா மறுத்துப் பேசவில்லையாம். "அதுக்கப்புறம் அவரு வேலையப் பத்தி எங்கிட்ட பேசவே இல்ல சார். நானும் கேக்கல" என்றார். மாமா இப்போது இல்லை.

குறையாகச் சொல்லவில்லை அவர். பாயசத்தை ஊற்றச் சொல்லிக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் இலையில் மிச்சம் இருந்தது இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு மாதமாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாமா சொன்னது முழுக்க உண்மை. அது எப்படி உண்மை, யார் கண்டுபிடித்தார்கள் என்பதை இப்போதாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்ப்போம்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று நமக்குப் பழமொழி அளவுக்குப் பழக்கம். ஆனால் அடுப்படியிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. வெண்ணெய் உருக்கும்போது சடசடவென்று வெடிக்கிறதே, அது என்ன? வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத பொடித்துளிகளாகக் கொழுப்புக்குள் சிக்கிக் கிடக்கிறது. சூடு ஏறினால்தான் வெளியே வருகிறது. பாடப்புத்தகத்தில் இதைப் 'பால்மம்' என்று படித்திருப்பீர்கள்.

கச்சா எண்ணெயும் அப்படித்தான். பூமிக்குள்ளிருந்து உப்புத் தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே வருகிறது. குழாயிலும் வால்விலும் பம்பிலும் அடிபட்டு, கடைந்த மோர் மாதிரி கலந்துவிடுகிறது. எண்ணெயில் இயற்கையாக உள்ள தார் போன்ற பொருள்கள் ஒவ்வொரு தண்ணீர்த்துளியையும் சுற்றி ஒரு தோலாகப் படிகின்றன. அதனால் இரண்டு துளிகள் முட்டிக்கொண்டாலும் ஒன்று சேர்வதில்லை.

சும்மா வைத்தால் தண்ணீர் கனமாயிற்றே, அடியில் தங்கிவிடாதா? இங்கே ஸ்டோக்ஸ் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதி நிரூபித்திருக்கிறேன். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851-இல் வெளியிட்டது. பாகுநிலை உள்ள திரவத்தில் ஒரு சிறு கோளம் இறங்கும் வேகம், அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம். விட்டம் பத்து மடங்கானால் வேகம் நூறு மடங்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீரைவிடப் பத்து மடங்கு பாகுநிலை, கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தி வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள தண்ணீர்த்துளி அந்த எண்ணெயில் ஒரு மீட்டர் இறங்க எத்தனை நேரம் ஆகும்? சுமார் 21 நாள். அதே துளி பத்து மடங்கு பெரிதாக இருந்தால் சுமார் 5 மணி நேரம். அப்படி ஒரு பெரிய துளிக்கு ஆயிரம் சின்னத் துளிகள் ஒன்று சேர வேண்டும்.

ஆக, தண்ணீரை எண்ணெயிலிருந்து பிரிக்கிற வேலையைப் பூமியின் ஈர்ப்பே பார்த்துக்கொள்ளும். துளிகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கிக் கொடுப்பது மட்டும்தான் நம் வேலை.

இதற்கான முதல் தடயம் எண்ணெய்க்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் கிடைத்தது. 1879-இல் இங்கிலாந்தில் ராலே பிரபு (ஒலியியலில் படித்தோமே, அவரேதான்) தண்ணீர்த்துளிகள் மோதும்போது மின்சாரம் என்ன செய்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். மேல்நோக்கிப் பீய்ச்சும் மெல்லிய நீரூற்று. உயரே போனதும் துளிகளாக உடைந்து, ஒன்றோடொன்று முட்டித் தெறித்து, குடை மாதிரி விரிந்து விழும். அவர் ஓர் அரக்குக் குச்சியைத் தேய்த்து மின்னேற்றி அருகே காட்டினார். உடனே துளிகள் தெறிப்பதை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து பெருந்துளிகளாக விழுந்தன. மின்னேற்றம் அதிகமானால் மறுபடி சிதறின. கொஞ்சமாக இருந்தால் சேரும், மிஞ்சினால் சிதறும். இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து 1880-கள். ஆலிவர் லாட்ஜ் என்ற இயற்பியல் பேராசிரியர், உயர் மின்னழுத்தத்தால் புகையைப் படியவைக்கலாம் என்று கண்டார். 1885-இல் வேல்ஸில் ஓர் ஈய உருக்காலையில் முயன்றும் பார்த்தார்கள். அன்றைக்கு இருந்த மின்பொறிகளுக்கு அந்த வேலைக்கான தெம்பு இல்லை. முயற்சி படுத்துவிட்டது.

இருபது ஆண்டு கழித்து அதை எழுப்பி நிறுத்தியவர்தான் நம் கதாநாயகர், பிரெடெரிக் காட்ரெல். 1877-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர். அவரைப் பற்றிப் படித்தபோது என்னை நிறுத்திய செய்தி ஒன்று: 1897 முதல் 1900 வரை அவர் ஓக்லாந்து உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். நம் இனம்! அந்தச் சம்பளத்தில் சேர்த்த பணத்தோடு ஜெர்மனி போனார். 1902-இல் லைப்சிக்கில் ஆஸ்ட்வால்டிடம் முனைவர் பட்டம் பெற்று, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வந்தார்.

1906 வாக்கில் பெர்க்லிக்கு அருகில் பினோல் என்ற இடத்திலிருந்த கந்தக அமிலத் தொழிற்சாலையில் ஒரு தொல்லை. அமிலப் பனிமூட்டத்தைப் பிடிக்க வேண்டும். காட்ரெல் முதலில் சுழற்றிப் பிரிக்கப் பார்த்தார், சரிவரவில்லை. பிறகு உயர் மின்னழுத்தத்துக்கு வந்தார். லாட்ஜுக்கு இல்லாத வசதி அவருக்கு இருந்தது. அதற்குள் மாறுதிசை மின்சாரமும் நல்ல மின்மாற்றிகளும் வந்துவிட்டன. 1908-இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கு அனல்மின் நிலையப் புகைபோக்கிகளில் சாம்பலைப் பிடிக்கிற கருவிக்கு அதுதான் மூதாதை.

அதே காலத்தில் கலிபோர்னியாவின் எண்ணெய் வயல்கள் வேறு விதத்தில் திணறிக்கொண்டிருந்தன. கோலிங்கா போன்ற வயல்களில் எண்ணெய் கெட்டிப் பாகு மாதிரி வரும். உள்ளே தண்ணீர் பால்மமாகக் கலந்திருக்கும். தண்ணீர் கலந்த எண்ணெயை யார் வாங்குவார்கள்? வாங்கினாலும் காய்ச்சும்போது தண்ணீர் கொதித்துப் பொங்கிவிடும். புகையில் மிதக்கும் துகளை மின்சாரத்தால் பிடிக்க முடிந்தால், எண்ணெயில் மிதக்கும் துளியைப் பிடிக்க முடியாதா? காட்ரெலும் ஜேம்ஸ் பக்னர் ஸ்பீட் என்ற பொறியாளரும் இதில் இறங்கினார்கள். ஒரு திரவத்தில் மிதக்கும் இன்னொரு திரவத்தின் துளிகளை மின்புலத்தால் சேர்த்துப் பிரிக்கும் முறைக்கு 1911-இல் இருவருக்கும் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதைச் செய்வதற்கென்றே பெட்ரோலியம் ரெக்டிஃபையிங் கம்பெனி என்று ஒரு நிறுவனமும் உருவானது.

எண்ணெய்க்குள் நடப்பது இதுதான். நான் 1994-இல் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் இதுதான்.

மின்னோட்டம் வேறு, மின்புலம் வேறு. ஒரு நல்ல கடத்திக்குள் நிலையான மின்புலம் நிற்காது. மின்னூட்டங்கள் ஓடிப்போய் அதைச் சமன்செய்துவிடும். கடத்தாப் பொருளுக்குள்தான் மின்புலம் நிற்கும். எண்ணெய் கடத்தாது என்பதால்தான் இந்த வித்தை நடக்கிறது! நான் எதை மறுப்புக் காரணமாகச் சொன்னேனோ, அதுவே அடிப்படைக் காரணம். தண்ணீருக்குள் கொழுப்பு மிதக்கிற பாலில் இதே வித்தை பலிக்காது.

எண்ணெயில் மிதப்பது உப்புத் தண்ணீர், அது நல்ல கடத்தி. மின்புலத்தில் அகப்பட்ட ஒவ்வொரு துளியிலும் ஒரு பக்கம் நேர்மின்னூட்டமும் மறுபக்கம் எதிர்மின்னூட்டமும் ஒதுங்குகின்றன. பக்கத்தில் இன்னொரு துளி இருந்தால், இதன் நேர்முனையும் அதன் எதிர்முனையும் எதிரெதிரே வருகின்றன. இழுத்துக்கொள்கின்றன. நடுவிலிருக்கும் தார்த்தோல் கிழிகிறது. இரண்டு துளி ஒன்றாகிறது. அது மூன்றாவதை இழுக்கிறது.

மாறுதிசை மின்சாரம் கொடுத்தால் திசை மாறி மாறி இழுப்பு ரத்தாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகாது. புலம் திரும்பும்போது எல்லாத் துளிகளின் முனைகளும் சேர்ந்தே மாறுகின்றன. எதிரெதிர் முனைகள் எப்போதும் முகம் பார்த்தபடிதான் இருக்கும். அதனால் இழுப்பு இழுப்பாகவே நீடிக்கிறது.

சிக்கல்களும் இருந்தன. துளிகள் புலத்தின் திசையில் முத்துமாலை மாதிரி வரிசை கட்டும். அந்த மாலை இரண்டு மின்முனைகளையும் தொட்டுவிட்டால் குறுக்குச்சுற்று. மின்மாற்றியோடு ஒரு மின்தூண்டியைச் சேர்த்து, மின்னோட்டம் எகிறினால் மின்னழுத்தம் தானே இறங்கும்படி அமைத்து அதைச் சமாளிக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் ராலே அன்றே பார்த்தது. மின்சாரம் மிஞ்சினால் சிதறல். அதன் கணக்கைக் கேம்பிரிட்ஜின் ஜி. ஐ. டெய்லர் 1964-இல் போட்டுக் காட்டினார். மின்புலத்தில் துளி நீள்கிறது. நீளம் அகலத்தைப்போல் ஏறக்குறைய 1.9 மடங்கு ஆனதும் தாங்காது. முனைகள் கூம்பாகக் கூர்ந்து, அங்கிருந்து பொடித்துளிகள் பீறிடும். சேர்க்கப் போட்ட மின்சாரமே பிரித்துவிடும். அவருக்கு முன்னோடியாக இந்த ஆராய்ச்சி நடந்தது இடிமேகத்து மழைத்துளிக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியால். எண்ணெய் ஆலைக்காரருக்கும் அதே விடை பயன்படுகிறது.

இன்று சுத்திகரிப்பு ஆலைகளில் இந்தக் கலனுக்கு 'டீசால்ட்டர்' என்று பெயர். உப்பு நீக்கி. என் மாணவர் காட்டிய படம் அதுதான். தண்ணீரைவிட அதிலுள்ள உப்புதான் பெரிய எதிரி. மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் உலையில் சூடேறும்போது நீராவியோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கிளப்பும். அது காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் உச்சியையும் அங்கிருந்து வரும் குழாய்களையும் அரித்துத் தின்றுவிடும்.

அதனால் முதலில் செய்வது விசித்திரமாக இருக்கும். தண்ணீரை எடுக்க வேண்டிய எண்ணெயில் நல்ல தண்ணீரை, நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில், சேர்த்துக் கலக்குகிறார்கள்! துணி அலசுவது போலத்தான். உப்பு அந்தத் தண்ணீருக்குப் போய்விடும். பிறகு 120 முதல் 150 டிகிரி வரை சூட்டில், தண்ணீர் கொதித்துவிடாதபடி அழுத்தம் கொடுத்து, கலனுக்குள் விடுகிறார்கள். உள்ளே கம்பிச் சட்டங்களுக்கு இடையில் சுமார் 20,000 வோல்ட். துளியின் தோலை இளக்க ஒரு மருந்தும் உண்டு. அரைமணி நேர அளவில் தண்ணீர் அடியில் தங்க, எண்ணெய் மேலே போகிறது. ஒரே கட்டத்தில் 90 சதவீதத்துக்கு மேல் உப்பு வெளியேறிவிடும்.

மணலியில் 1969-இல் தொடங்கிய சென்னைச் சுத்திகரிப்பு ஆலையைப் போன்ற இடங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தினப்படிச் சமாச்சாரம். அவர்கள் யாராவது படித்தால், நான் விட்டதைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

காட்ரெல் கதையில் கடைசியாக ஒன்று. புகை பிடிக்கும் காப்புரிமைகளால் அவர் பெரும் பணக்காரர் ஆகியிருக்கலாம். ஆகவில்லை. அந்த உரிமைகளை ஒப்படைத்து, வருமானம் முழுவதும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே போகும்படி 1912-இல் 'ரிசர்ச் கார்ப்பரேஷன்' என்ற அமைப்பு உருவாக வழிசெய்தார். எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரானுக்கு உதவிய பணத்தில் அதுவும் ஒன்று. பிளஸ் டூவில் சைக்ளோட்ரான் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள் எல்லாம் கொஞ்சம் அவருக்கும் கடன்பட்டவர்கள். 1948-இல் பெர்க்லியில், விஞ்ஞானிகள் கூட்டம் ஒன்றில் கலந்துகொண்டிருக்கும்போதே காலமானார்.

இப்போது என் கணக்குக்கு வருகிறேன்.

வருடாவருடம் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டுவேன், நினைவிருக்கும். சீப்பால் தலை வாரி, குழாயிலிருந்து மெல்லியதாக விழும் தண்ணீர் அருகே கொண்டுபோனால் தண்ணீர் வளையும். காற்றும் கடத்தாப் பொருள்தானே? அதன் வழியாகச் சீப்பு தண்ணீரை இழுக்கிறதே? முப்பது தடவைக்கு மேல் அதைச் செய்து கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தப் பையன் கேட்ட கேள்விக்கான பதில் என் கையில்தான் இருந்திருக்கிறது. நான் யோசிக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒரு குறையும் இல்லை. "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்ல மூன்று விநாடி போதும். எட்டாவது படித்தவர் சொன்னது எப்படிச் சரியாக இருக்கும் என்ற நினைப்புதான் என் வாயில் பதிலாக வந்தது. அவர் நேரில் பார்த்ததைச் சொன்னார். நான் பார்க்காததை மறுத்தேன்.

ஆகவே 1994 பிளஸ் டூ மாணவர்களே, உங்களில் ஒருவராவது அன்று நான் சொன்னதை இன்னும் உண்மை என்று வைத்திருந்தால், தயவுசெய்து அடித்துவிடுங்கள். கடத்தாப் பொருளுக்குள் மின்னோட்டம் போகாது என்பது சரி. அதற்குள் மின்சாரத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பது தப்பு.

கல்யாண வீட்டில் என் பக்கத்து இலையில் இருந்தவருக்கு: தம்பி, அன்று வாசலில் ஆட்டோ ஏறும்போது சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. உங்கள் மாமா கதை விடவில்லை. அவர் சொன்னது சரி. வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்ன தப்பை வகுப்பு முழுக்கக் கேட்கவே திருத்த வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். அத்தையைப் பார்க்கும்போது இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் "எங்க மாமா சொன்னாரு", "எங்க அப்பா சொன்னாரு" என்று தொடங்கினால், முழுவதும் கேளுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஈரக்காற்று இல்லாத ஒரு நாளில் சீப்புச் சோதனையைச் செய்து காட்டுங்கள். எண்ணெயும் வீட்டு மின்சாரமும் வேண்டவே வேண்டாம். சீப்பு போதும்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்